சிறிதளவு உருகலின் சான்று: ஹவாய் முதலிய எரிமலைத் தீவுகளின் காரப் பசால்ட்

பெருங்கடல்களின் அடித்தரை பசால்ட் என்னும் கரிய எரிமலைப்பாறையால் ஆனது. நடுக்கடல் முகடுகளில் புவித்தட்டுகள் விலகும் பிளவுகளில் ஓயாமல் தோன்றும் இப்பாறை, பசிபிக்கில் எடுத்தாலும் அட்லாண்டிக்கில் எடுத்தாலும், வேதியமைப்பில் குறுகிய எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அத்தரையின்மீது தனித்தெழுந்து நிற்கும் தீவுகள் பலவற்றில் சிலிக்கா குறைந்தும் சோடியமும் பொட்டாசியமும் மிகுந்தும் உள்ள வேறொரு பசால்ட் காணப்படுகிறது. பாறையியலார் இதைக் காரப் பசால்ட் என்பர். அட்லாண்டிக்கின் டிரிஸ்டன் டா குன்யா, செயின்ட் ஹெலினா ஆகிய தீவுகளில் கடலுக்கு மேலே தெரியும் பகுதி முழுவதும் இதனாலும் இதன் வழிவந்த பாறைகளாலும் ஆனது. ஹவாயில் இதற்கு நேர்மாறாக, ஓர் எரிமலையின் மொத்தக் கன அளவில் 95 விழுக்காட்டுக்கு மேல் தோலியைட் எனப்படும், சிலிக்கா சற்றுக் கூடிய பசால்ட்டே நிறைந்திருக்க, காரப் பசால்ட் அதன் உச்சியில் மெல்லிய போர்வையாக மட்டும் கிடக்கிறது. ஆயினும் எரிமலைத் தீவுகள் எவ்வாறு பிறந்தன, அவற்றின் கீழே புவிக்கவசத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விகளுக்கு இந்தச் சிறுபான்மைப் பாறை தரும் விடைகள் தோலியைட் தருவனவற்றைவிடக் கூர்மையானவை. அது குறைவாகக் கிடைப்பதும் கூர்மையாகப் பேசுவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பதே இவ்வுரை நிறுவ முயலும் கருத்து.

எந்தப் பாறையைக் காரப் பசால்ட் என்பது என்ற வரையறைக்கு இரண்டு அளவைகள் உண்டு. முதலாவது எளியது: பாறையில் சிலிக்கா எத்தனை விழுக்காடு, சோடியம் ஆக்சைடும் பொட்டாசியம் ஆக்சைடும் கூட்டாக எத்தனை விழுக்காடு என்பதை ஒரு வரைபடத்தில் குறித்துப் பார்ப்பது. 1964இல் மெக்டொனால்ட், கட்சுரா ஆகிய இருவரும் ஹவாய்ப் பாறைகளின் பகுப்பாய்வுகளை இவ்வாறு குறித்து, இரு வகைகளையும் பிரிக்கும் சாய்கோடு ஒன்றை வரைந்தனர்; அக்கோட்டின்படி, சிலிக்கா 48 விழுக்காடு உள்ள பாறையில் இரு கார ஆக்சைடுகளின் கூட்டுத்தொகை ஏறத்தாழ 3.3 விழுக்காட்டைத் தாண்டினால் அது காரப் பசால்ட். இரண்டாவது அளவை ஆழமானது. பாறையின் வேதிப் பகுப்பாய்வை ஒரு திட்டமான கணக்கின் வழியே கனிமங்களாக மாற்றிப் பார்க்கும்போது, எல்லாச் சோடியத்தையும் ஃபெல்ஸ்பாராக்குவதற்கு வேண்டிய சிலிக்கா போதாமல் நெஃபலின் என்னும் கனிமம் கணக்கில் தோன்றுமானால், அப்பாறை சிலிக்கா நிறைவுறாதது. நெஃபலினோடு சிலிக்கா சேர்ந்தால் ஆல்பைட் என்னும் சோடிய ஃபெல்ஸ்பார் கிடைக்கும். ஆகவே நெஃபலின் இருக்கும் இடத்தில் சிலிக்காப் பற்றாக்குறை இருந்தே தீர வேண்டும். முதல் அளவை பாறையை அடையாளம் காட்டுவதோடு நின்றுவிட, இரண்டாவது அளவை அதன் தோற்றத்தைப் பற்றிய சிந்தனைக்கும் வழிவிடுகிறது.

நுண்ணோக்கியின் கீழும் இந்தப் பற்றாக்குறை கண்ணுக்குப் புலப்படுகிறது. ஒரு மில்லிமீட்டரின் நூறில் மூன்று பங்குத் தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலில், ஒலிவின் என்னும் பசுமஞ்சள் கனிமம் பெரும்படிகங்களாகவும், அவற்றைச் சூழ்ந்த நுண்மணித் தளத்தில் சிறு மணிகளாகவும், ஆக இரு தலைமுறைகளாகக் காணப்படும். தோலியைட்டின் நுண்மணித் தளத்தில் ஒலிவின் அரிது. அங்குக் குழம்பில் எஞ்சிய சிலிக்கா ஒலிவினோடு வினைபுரிந்து அதைக் கால்சியம் குறைந்த பைராக்சினாக மாற்றிவிடுகிறது. காரப் பசால்ட்டில் அவ்வினைக்கு வேண்டிய சிலிக்கா இல்லாமையால் கால்சியம் குறைந்த பைராக்சின் தோன்றுவதில்லை. கால்சியமும் டைட்டானியமும் மிகுந்த, ஊதா கலந்த பழுப்பு நிற ஆகைட் ஒன்றே பைராக்சினாக இருக்கிறது. அந்த ஊதாச் சாயலைக் கண்ட அளவிலேயே, பகுப்பாய்வு வருமுன், பாறை எந்த வகையது என்று பழகிய பாறையியலார் சொல்லிவிடுவர். பிளஜியோகிளேஸ் ஃபெல்ஸ்பார், டைட்டானியம் கலந்த மாக்னடைட், ஊசி ஊசியான அப்படைட், இடுக்குகளில் சிறிது நெஃபலின் ஆகியவை மற்றவை.

இரு வகைப் பசால்ட்டுகளும் ஒரே தீவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்ததா என்ற வினா இயல்பாகவே எழுந்தது. டேலி என்னும் புவியியலாளர் 1910இல் முன்வைத்த விடை, சாதாரண மாக்மா சுண்ணாம்புக்கல்லை விழுங்கியதால் காரப் பாறைகள் உண்டாயின என்பது: சுண்ணாம்பு சிலிக்காவைப் பற்றிக்கொண்டு பைராக்சினாகப் பிரிந்துவிட, எஞ்சிய குழம்பு சிலிக்கா வறண்டுபோகும் என்று அவர் வாதிட்டார். வேதியியல் நோக்கில் பிழையற்ற அவ்விளக்கம் தீவுகளுக்குப் பொருந்தவில்லை. தீவுகளில் சுண்ணாம்புக்கல்லைத் தரும் பவளத்திட்டு வளர இயலாத கடலாழத்திலும் காரப் பசால்ட் வெளிவருகிறது. அடுத்த விடை, தோலியைட் மாக்மா குளிரும்போது படிகங்கள் பிரிந்து விழுந்து, எஞ்சிய குழம்பு காரப் பசால்ட் ஆயிற்று என்பது. இதற்கு 1962இல் யோடரும் டில்லியும் தம் உருக்கு உலைச் சோதனைகளால் தடை எழுப்பினர். ஒலிவின், கிளினோபைராக்சின், பிளஜியோகிளேஸ் ஆகிய மூன்றும் குறிக்கும் அமைப்புத் தளம் வளிமண்டல அழுத்தத்தில் ஒரு வெப்பநிலை மேடாக நிற்கிறது என்றும், அம்மேட்டின் ஒரு சரிவில் உள்ள குழம்பு குளிரக் குளிரச் சிலிக்கா மிகுந்த பக்கமும் மறுசரிவில் உள்ளது நெஃபலின் பக்கமும் விலகிச் செல்லுமே தவிர, ஒன்று மேட்டைத் தாண்டி மற்றதன் பக்கம் செல்லாது என்றும் அவர்கள் காட்டினர். ஆஸ்திரேலியாவின் கிரீனும் ரிங்வுட்டும் 1967இல் வெளியிட்ட உயரழுத்தச் சோதனைகள், ஆழத்தில் அம்மேடு அந்த இடத்தில் நிற்பதில்லை என்றும், எந்த ஆழத்தில் எவ்வளவு உருகுகிறது என்பதைப் பொறுத்தே குழம்பு எந்தப் பக்கத்தில் பிறக்கிறது என்பது அமைகிறது என்றும் தெளிவாக்கின.

இத்துறையின் உண்மையான திருப்பம் படிகங்களைவிட அருமண் தனிமங்களிலிருந்தே வந்தது. 1968இல் பால் காஸ்ட் எழுதிய கட்டுரை, தோலியைட்டுக்கும் காரப் பசால்ட்டுக்கும் உள்ள நுண்தனிம வேறுபாடுகளை, கவசப்பாறை எவ்வளவு உருகியது என்ற ஒரே கேள்விக்குக் கொண்டுவந்தது. கவசம் பெரிடோடைட் என்னும் பாறையால் ஆனது. அது முழுவதும் உருகுவதில்லை, ஒரு சிறு பங்கே உருகிப் பிரிந்து மேலேறுகிறது. இதற்குப் பகுதி உருகல் என்று பெயர். லாந்தனம், நியோபியம், யுரேனியம் போன்ற தனிமங்களின் அயனிகள், அளவாலோ மின்சுமையாலோ, கவசக் கனிமங்களின் படிக அமைப்பில் பொருந்துவதில்லை. உருகல் தொடங்கியவுடன் அவை குழம்புக்குத் தாவிவிடுகின்றன. இவற்றை ஒவ்வாத் தனிமங்கள் என்பர். காப்பித் தூளிலிருந்து முதலில் இறங்கும் சிறிதளவு டிகாக்‌ஷன் கெட்டியாக இருப்பதைப் போல, முதல் சில விழுக்காடு உருகிய குழம்பில் இத்தனிமங்கள் செறிந்திருக்கும். உருகல் பெருகப் பெருக அவை நீர்த்துப்போகும்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் வலிமை விளங்கும். லாந்தனம் கனிமங்களில் தங்கும் செறிவு குழம்பில் தங்கும் செறிவில் நூறில் ஒரு பங்கு என்றும், லாந்தனத்தைப் போன்றே அருமண் தனிமமாகிய இட்டர்பியத்துக்கு அது பத்தில் மூன்று பங்கு என்றும் எடுத்துக்கொண்டால், 2 விழுக்காடு உருகலில் பிறக்கும் குழம்பில் லாந்தனம் மூலப்பாறையைப் போல் 34 மடங்காகவும் இட்டர்பியம் 3.2 மடங்காகவும் இருக்கும். 10 விழுக்காடு உருகினால் லாந்தனம் 9 மடங்குக்கு இறங்கிவிட, இட்டர்பியம் 2.7 மடங்கோடு ஏறத்தாழ அப்படியே நிற்கிறது. காரப் பசால்ட்டுகளின் அருமண் வரைபடம் லாந்தனம் இருக்கும் இடப்பக்கம் உயர்ந்து, இட்டர்பியம் இருக்கும் வலப்பக்கம் செங்குத்தாகச் சரிவதன் பொருள் இதுவே. இட்டர்பியத்தை இவ்வாறு இறுகப் பிடித்துவைக்கும் கனிமம் கார்னெட். பெரிடோடைட்டில் கார்னெட் நிலைத்திருக்க ஏறத்தாழ 80 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் வேண்டும். ஆகவே ஒரு கைப்பிடி லாவாவின் லாந்தனம், இட்டர்பியம் விகிதத்தைக்கொண்டு, குழம்பு குறைந்த அளவில் உருகியதையும், அவ்வுருகல் ஆழத்தில் நிகழ்ந்ததையும் சேர்த்து உய்த்தறியலாம். கவசத்தில் கரியமிலவாயு இருந்தால் உருகுநிலை மேலும் தாழ்வதோடு, குழம்பு சிலிக்காவை இன்னும் இழந்து நெஃபலினைட், மெலிலிடைட் என்னும் தீவிர வகைகளாகிறது.

ஹவாய் எரிமலைகளின் வாழ்க்கை வரிசை இக்கணக்கை இயற்கையே செய்துகாட்டுவது போன்றது. பசிபிக் தட்டு, ஆழத்திலிருந்து எழும் வெப்பப் பாறைத் தம்பம் ஒன்றின்மீது ஆண்டுக்கு 7 முதல் 10 சென்டிமீட்டர் வரை வடமேற்காக நகர்கிறது. தம்பத்தின் ஓரத்துக்கு வரும்போதும் அதைவிட்டு விலகும்போதும் ஓர் எரிமலைக்குக் கிடைக்கும் வெப்பம் குறைவு, நடுவில் இருக்கும்போது மிகுதி. இதன்படி தொடக்கத்திலும் முடிவிலும் காரப் பசால்ட்டும் இடையில் தோலியைட்டும் வர வேண்டும். முடிவில் வருவது நெடுங்காலமாகவே தெரிந்திருந்தது. தொடக்கத்தில் வருவதற்கான சான்று, ஹவாய்த் தீவின் தென்கிழக்கே, உச்சி இன்னும் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கும் லோயிஹி எரிமலையிலிருந்து கிடைத்தது. 2021 முதல் இதன் பெயர் கமாஎஹுவாகனலோவா. அதன் சரிவுகளில் வாரியெடுத்த பாறைகளில் காரப் பசால்ட்டும் தோலியைட்டும் கலந்திருப்பதை மூர், கிளேக், நார்மார்க் ஆகியோர் 1982இல் அறிவித்தபோது, காரப் பசால்ட் எரிமலையின் முதுமைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் கைவிடப்பட்டது.

முதுமைப் பருவத்தை மௌனா கேயா எரிமலையில் காணலாம். அங்கு ஹமாகுவா என்னும் அடுக்கில் பசால்ட்டுகளும், அதன்மேல் லௌபாஹோயிஹோயி என்னும் அடுக்கில் ஹவாயைட், முகியரைட், பென்மோரைட் ஆகிய, சிலிக்காவும் காரமும் படிப்படியாகக் கூடிய பாறைகளும் உள்ளன. மாக்மா வரத்துக் குறைந்ததும் எரிமலையின் மேற்பகுதியில் இருந்த மாக்மா அறை உறைந்துவிட, அதன்பின் வந்த சிறு சிறு தொகுதிகள் மேலோட்டின் அடிப்பகுதியிலேயே தேங்கின என்பதே பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கம். அவ்வளவு ஆழத்தில் கிளினோபைராக்சின் மிகுதியாகப் பிரிந்தது; எஞ்சிய குழம்பு ஹவாயைட்டாக வெளிவந்தது. இவ்வரிசை பசால்ட்டிலிருந்து தொடங்கி டிராக்கைட், ஃபோனலைட் வரை செல்லக்கூடியது. ஹுவலலாய் எரிமலையின் சரிவில் உள்ள புஉ வாஅவாஅ என்னும் டிராக்கைட் குன்றும், கானரித் தீவுகளில் டெய்டே சிகரத்தின் ஃபோனலைட்டும் அதன் மறுமுனைகள். மௌனா கேயா உச்சியில் பனிப்பாறைக்கு அடியில் பீறிட்டு விரைந்து குளிர்ந்த ஹவாயைட் ஒன்று கண்ணுக்குப் புலப்படாத நுண்மணிகள் உடையதாயிற்று. பழங்குடி ஹவாய் மக்கள் அவ்வளவு குளிர்ந்த உயரத்துக்கு ஏறிச்சென்று அக்கல்லை வெட்டி வாய்ச்சிகள் செய்தனர். கல்லின் தன்மையை இவ்வளவு நுட்பமாகக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த அவர்களையும் பாறையியலின் வரலாற்றில் சேர்ப்பது தவறாகாது.

மேலோட்டில் தங்காமல் நேரே ஏறிவந்த குழம்புகளும் உண்டு. ஹுவலலாயில் 1800, 1801 ஆகிய ஆண்டுகளில் வழிந்த காரப் பசால்ட், ஒலிவினால் மட்டுமே ஆன டியூனைட் முதலிய அயற்பாறைத் துண்டுகளைக் குவியல் குவியலாகச் சுமந்துவந்தது. குழம்பைவிட அடர்த்தி மிகுந்த இத்துண்டுகள் வழியில் அமிழ்ந்துபோகாமல் தரைக்கு வர வேண்டுமானால், குழம்பு எங்கும் தேங்காமல் விரைந்து ஏறியிருக்க வேண்டும். தோலியைட் லாவாக்களில் இத்தகைய சுமை ஏறத்தாழ இல்லை. அவை ஆழமற்ற அறைகளில் தங்கிவருபவை. ஓஹு தீவின் சால்ட் லேக் பள்ளத்திலோ கார்னெட் கொண்ட பைராக்சினைட் துண்டுகளே கிடைத்திருப்பதால், கார்னெட்டைப் பற்றிய மேற்கூறிய கணிப்பைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பும் ஆய்வாளர்க்கு வாய்த்தது.

அந்த ஓஹு தீவிலேயே இத்துறையின் மிகச் சுவையான புதிர் இருக்கிறது. கோஓலாவு என்னும் பெரும் தோலியைட் எரிமலை அடங்கி, மழையும் ஓடைகளும் அதை ஆழமாக அரித்து, ஏறத்தாழ பத்து லட்சம் ஆண்டு கழிந்த பின், டைமண்ட் ஹெட் உள்ளிட்ட சிறு கூம்புகள் பல புதிதாக வெடித்தெழுந்தன. ஹொனலுலு எரிமலைப்பாறைகள் எனப்படும் இவை காரப் பசால்ட்டிலிருந்து நெஃபலினைட், மெலிலிடைட் வரை தொடர்ச்சியாக அமைந்தவை; கிளேக்கும் ஃபிரேயும் 1982இல் செய்த கணிப்பின்படி 2 முதல் 11 விழுக்காடு உருகலில் பிறந்தவை. ஒவ்வாத் தனிமங்களில் இவை கோஓலாவு தோலியைட்டைவிடப் பன்மடங்கு செழித்தவை. ஆனால் இவற்றின் ஓரிடத்தனிமங்கள் வேறு கதை சொல்கின்றன. ருபிடியம் 87 என்னும் ஓரிடத்தனிமம் ஏறத்தாழ 4,900 கோடி ஆண்டு அரைவாழ்வுக் காலத்தில் மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம் 87 ஆகிறது. எனவே ருபிடியம் மிகுந்த பாறைப்பகுதி நெடுங்காலம் அப்படியே இருந்தால் அதில் ஸ்ட்ரான்சியம் 87க்கும் 86க்கும் உள்ள விகிதம் உயர்ந்திருக்க வேண்டும். கோஓலாவு தோலியைட்டில் அது 0.704ஐ ஒட்டியும், காரம் மிகுந்த ஹொனலுலு பாறைகளில் அதைவிடக் குறைந்து 0.7033ஐ ஒட்டியும் இருக்கிறது. செழிப்பான குழம்பு, நெடுங்காலமாக வறண்டிருந்த மூலத்திலிருந்து வந்திருக்கிறது.

முரண்போலத் தோன்றும் இச்செய்தியைப் புரிந்துகொள்ள, இரு அளவைகளும் இரு வேறு காலங்களை நினைவில் வைத்திருப்பவை என்பதைக் கருத வேண்டும். தனிமங்களின் செறிவு அண்மையில் நடந்த உருகலைக் காட்டுகிறது. உருகும்போது ஒரே தனிமத்தின் இரு ஓரிடத்தனிமங்கள் பிரிவதில்லையாதலால், அவற்றின் விகிதம் உருகலுக்கு முன் மூலப்பாறை கோடிக்கணக்கான ஆண்டுகள் எந்நிலையில் இருந்தது என்பதை மாற்றமின்றி ஒப்படைக்கிறது. தோலியைட் ஒன்றை மட்டும் ஆராய்ந்திருந்தால் ஹவாயின் கீழே ஒரே வகைக் கவசம் இருப்பதாகக் கருத இடம் இருந்திருக்கும். ஹொனலுலு கூம்புகளின் இப்புத்தெழுச்சிக்கு எது காரணம் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. தீவின் பெருஞ்சுமையால் தட்டு வளைந்து, சுற்றுப்புறம் மேடுயர்ந்து, அங்கே அழுத்தம் குறைந்ததால் உருகியது என்பார் கூற்று, வெடிப்புகள் நிகழும் தொலைவோடு ஒத்துப்போவதால் வலுவுடையதாகத் தெரிகிறது.

உருகல் அளவு மாற ஒரு தட்டு நகர்ந்தே தீர வேண்டும் என்பதுமில்லை. கானரித் தீவுகளில் ஒன்றான லான்சரோட்டேயில் 1730 முதல் 1736 வரை நீடித்த திமன்பாயா வெடிப்பு, தீவின் கால்பங்கு நிலத்தை மூடியது. சிலிக்கா மிகக் குறைந்த பேசனைட்டில் தொடங்கி, காரப் பசால்ட்டாகி, இறுதியில் தோலியைட்டாக அதன் லாவா மாறியது. ஆறு ஆண்டில் தட்டு நகர்ந்திருக்கக்கூடிய தொலைவு ஒரு சாண்கூட இராது. முதலில் ஆழத்துச் சிறு உருகல் வெளியேற, பின்னர் பேரளவிலான உருகல் தொடர்ந்தது என்று கொள்வதே பொருத்தம். யைசா என்னும் ஊரின் பங்குத்தந்தை லோரென்சோ குர்பேலோ எழுதிய நாட்குறிப்பை, 1815இல் அங்குச் சென்ற ஜெர்மானியப் புவியியலாளர் லியோபோல்ட் ஃபான் புக் தம் நூலில் சேர்த்ததால், எந்த மாதத்தில் எந்த வாயிலிருந்து லாவா வந்தது என்பதையும் பாறையின் வேதியமைப்பையும் இணைத்துப் பார்க்க முடிகிறது.

மூலப்பாறையே இடத்துக்கிடம் வேறுபடுகிறது என்பதை முதலில் காட்டியவர்கள் காஸ்ட், டில்டன், ஹெட்ஜ் ஆகியோர். 1964இல் அவர்கள் அட்லாண்டிக்கின் அசென்ஷன், கஃப் தீவுகளின் பாறைகளில் ஈயம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றின் விகிதங்கள் மாறுபடுவதைக் கண்டனர். மாக்மா ஏறும் வழியில் பழைய கண்டப்பாறையை உண்டு மாறியிருக்கலாம் என்ற ஐயம் மெல்லிய கடல் மேலோட்டின்மீது நிற்கும் தீவுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. மொரீஷியஸ் அதற்கு விலக்கு: அங்கு ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டு வயதுடைய டிராக்கைட்டில் 250 முதல் 300 கோடி ஆண்டுப் பழைய சிர்கான் படிகங்கள் இருப்பதை 2017இல் ஆஷ்வால் குழுவினர் வெளியிட்டனர்; எரிமலைக்கு அடியில் கண்டத்துணுக்கு ஒன்று புதைந்திருப்பதை இது காட்டுகிறது. மற்றத் தீவுகளுக்கு 1982இல் ஹோஃப்மனும் வைட்டும் தந்த விளக்கம், தட்டுகளின் விளிம்பில் உள்ளே அமிழ்ந்துபோன பழைய கடல்தரை கவசத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகள் தங்கி, மீண்டும் எழுந்து உருகுகிறது என்பது. தீவுப் பசால்ட்டுகளில் நியோபியத்துக்கும் யுரேனியத்துக்கும் உள்ள விகிதம் சராசரியாக 47 ஆகவும், கண்டப்பாறையில் ஏறத்தாழ 10 ஆகவும், தொடக்ககாலக் கவசத்துக்கு ஏறத்தாழ 30 ஆகவும் இருப்பது, இம்மூலம் தீண்டப்படாத ஆதிப்பொருள் என்ற பழைய எண்ணத்தை மறுக்கிறது.

சிண்ட்லரும் ஹார்ட்டும் 1986இல் தீவுப் பாறைகளை நான்கு முனைகளுக்கு இடையே பரப்பிக் காட்டினர். அவை வரைபடத்தின் முனைகள். கவசத்துக்குள் நான்கு கிடங்குகள் இருப்பதாக அவற்றைப் படிப்பது, பாடநூல்களில் அடிக்கடி நேர்வதாயினும், சான்றுக்கு அப்பாற்பட்டது. செயின்ட் ஹெலினாவும் குக் தீவுக்கூட்டத்தின் மங்காயியாவும் அமர்ந்திருக்கும் முனையில் ஈயம் 206க்கும் 204க்கும் உள்ள விகிதம் மிக உயர்ந்தது. நடுக்கடல் முகடுகளில் 18.5ஐ ஒட்டி நிற்கும் அது, மங்காயியாவில் 21ஐத் தாண்டுகிறது. யுரேனியம் மிகுந்தும் ஈயம் வறண்டும் போன பொருள் நெடுங்காலம் கிடந்தாலன்றி அவ்வளவு உயராது. 2013இல் காப்ரல் குழுவினர் மங்காயியா லாவாவின் ஒலிவின் படிகங்களுக்குள் அடைபட்ட சல்ஃபைடு துளிகளில் கந்தகத்தின் ஓரிடத்தனிம விகிதங்கள் நிறையைப் பொறுத்த வழக்கமான ஒழுங்கிலிருந்து விலகியிருப்பதைக் கண்டறிந்தனர். அத்தகைய விலகல், வளிமண்டலத்தில் ஆக்சிஜன் இல்லாத, 245 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட புவிப்பரப்பில் மட்டுமே உண்டாவது. அன்று மேற்பரப்பில் இருந்த கந்தகம் கடல்தரையோடு கவசத்துக்குள் இறங்கி, அத்தனை காலக் கலக்கத்திலும் கரைந்துபோகாமல், ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு தீவின் பாறையில் வெளிப்பட்டிருக்கிறது. சுற்றியிருந்த பெரிடோடைட்டும் தோலியைட் பிறக்கும் அளவுக்குச் சேர்ந்து உருகியிருந்தால் பழைய கடல்தரையின் அந்தச் சிறு பங்கு அதில் கலந்து மறைந்திருக்கும். எளிதில் உருகும் பகுதி மட்டும் சிறிதளவு உருகியதால்தான் அது அளந்தறியும் அளவுக்குத் தூய்மையாகக் கிடைத்தது.